இளமைக் கல்வியும் சிந்தனையின் ஊற்றும்: அம்பேத்கரை முன்வைத்து

சிந்தனையாளர் ஒருவரின் கருத்துகளை அவருடைய இளமைச் சூழலைக் கொண்டு விளக்கும் போக்கு வாழ்க்கை வரலாற்று நூல்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. துன்பமே பேரறிவைத் தோற்றுவித்தது என்னும் முடிவிற்கும் இப்போக்கு எளிதில் இட்டுச் செல்கிறது. அம்முடிவு அறவியல் நோக்கில் ஏற்கத்தக்கதா என்பது எண்ணிப் பார்த்தற்குரியது. அண்ணல் அம்பேத்கரின் (1891–1956) இளமை இவ்வினாவிற்குத் தக்க சான்றாகிறது.

சாத்தாராவில் பயின்ற காலத்தில், அம்பேத்கர் வகுப்பறையின் ஒரு மூலையில் தனியே கோணி விரித்து அமர வேண்டியிருந்தது. பள்ளியைத் தூய்மை செய்யும் பணியாளர் அக்கோணியைத் தொடமாட்டார். ஆதலின் மாலைதோறும் அதனை வீட்டிற்கு எடுத்துச் சென்று மறுநாள் மீண்டும் கொண்டுவந்தார். குடிநீர்க் குழாயை அவர் தொடலாகாது. ஏவலர் திறந்துவிட்டால் நீர் உண்டு. ஏவலர் இல்லையேல் நீரும் இல்லை. இவற்றை அவரே தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார்.

எனினும், இத்தகைய இழிவிற்கு ஆளான சிறுவர் எண்ணற்றோர். பள்ளி வாயிலையே காணாதோர் அவரினும் பலர். இழிவு மட்டுமே சிந்தனையைத் தருமாயின் அவர்கள் அனைவரும் சிந்தனையாளராகியிருத்தல் வேண்டும். எனவே பிறிதொரு காரணத்தையும் நாட வேண்டியுள்ளது. தந்தை ராம்ஜி சக்பால் படைப்பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியவர், கபீர் நெறியினர், பிள்ளைகளின் படிப்பில் கண்டிப்பான அக்கறை கொண்டவர். 1907இல் மகன் மெட்ரிகுலேசன் தேறியபோது பாராட்டுக் கூட்டம் நிகழ்ந்தது. அதில் கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். புத்தரை நோக்கித் தம்மைத் திருப்பியது அந்நூலே என்று அம்பேத்கர் பின்னாளில் குறித்துள்ளார். புறத்தே இருந்த சமூகம் கோணியைக் கொடுத்தது. வீடும் உடன்நின்றோரும் எழுத்தைக் கொடுத்தனர்.

காயம் வினாவை எழுப்பிற்று. கல்வி அவ்வினாவைப் பொதுமையாக்கிற்று. 1916இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சாதி குறித்து அவர் படித்த கட்டுரையில் சொந்தத் துயரம் முன்னிறுத்தப்படவில்லை. அகமணமே சாதியின் அடிப்படை என்னும் கோட்பாடே அங்கு நிறுவப்படுகிறது. 1927இல் மகாடு நகரின் சவுதார் குளத்தில் அவர் நீர் அருந்தியபோது, ஒரு சிறுவனின் தாகம் அனைவர்க்குமான உரிமையாக மாறியிருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

இதிலிருந்து இரண்டு தெளிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒரு கருத்து தோன்றிய இடம் வேறு; அதன் உண்மை வேறு. சாதி பற்றிய அவருடைய ஆய்வைக் காயம்பட்டவரின் குரல் என்று மட்டும் கொள்வது, அதற்கு மறுமொழி கூறும் பொறுப்பிலிருந்து நழுவுவதாகும். இரண்டாவது, இழிவே அவரை உயர்த்திற்று எனல் இழிவுக்கு நன்றி கூறுவதாக முடியும். அவர் சிந்தனையாளரானது அக்கோணியால் அன்று. அக்கோணியையும் மீறியே ஆகும்.

ஆகவே, ஒரு கல்விமுறையை அதிலிருந்து எழுந்த ஒரு பேரறிஞரைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் பொருந்தாது. அம்மூலையில் அமர்ந்து, எழுத்து வாய்க்காமலே எழுந்து சென்ற பிள்ளைகளையும் கணக்கில் கொள்வதே அறமாகும்.