மருந்துக்கு என்ன விலை?

யுத்தம் நடக்கும் ஏழை நாட்டில், சண்டையிட வந்த சேனையே ஊராருக்கு வைத்தியமும் செய்தால், அதைத் தர்மம் என்பதா, தந்திரம் என்பதா?

வியட்நாம் யுத்தத்தில் இக்கேள்வி எழுந்தது. 1963 முதல் அமெரிக்க இராணுவ வைத்தியர்கள் தென் வியட்நாம் கிராமங்களுக்குச் சென்று இலவசமாகச் சிகிச்சை செய்தார்கள். மெட்கேப் என்பது அத்திட்டத்தின் பெயர். பல் பிடுங்கினார்கள், புண்ணைக் கழுவிக் கட்டினார்கள், மாத்திரையும் சோப்பும் கொடுத்தார்கள். ஜனங்களின் மனம் சைகோன் அரசாங்கத்தின் பக்கம் சாயவேண்டும் என்பது நோக்கம்; அதை ஒருவரும் மறைக்கவில்லை. பெரும்பாலும் காலையில் வந்தவர்கள் மாலையில் போய்விடுவார்கள். காசநோய்க்காரனுக்கு ஒருநாள் மாத்திரை எதற்கு ஆகும்? அத்திட்டத்தில் உழைத்த வைத்தியர்களே இக்குறையைச் சொன்னார்கள்.

கேப்டன் ஹோவர்ட் லெவி என்ற தோல் வைத்தியர் இன்னும் ஒருபடி மேலே போனார். தென் கரோலினாவில் சிறப்புப் படையினருக்குத் தோல்நோய்ச் சிகிச்சை கற்பிக்க அவருக்கு உத்தரவு வந்தது. வைத்தியத்தை அரசியல் கருவியாக்குவார்கள் என்று சொல்லி மறுத்தார். 1967-ல் இராணுவ நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. யுத்தத்துக்கு எதிராகப் பேசியதும் அவர்மீது குற்றமாகச் சாட்டப்பட்டது.

அவருடைய துணிவை மதிக்கிறேன். வாதத்தை முழுவதும் ஏற்க இயலவில்லை. செயல் வேறு, நோக்கம் வேறு என்று பிரித்துப் பார்ப்பது அறநெறி ஆசிரியர் வழக்கம். சொறியால் இரவெல்லாம் அழும் குழந்தைக்கு மருந்திடுவது நல்ல செயலே. நோக்கம் கோணலாயிருந்தாலும் ஆறின புண் ஆறினதுதான். ஆனால் நோக்கம் கொடுப்பவன் மனதோடு நின்றுவிடுவதில்லை. எந்த ஊருக்குப் போவது, எப்போது நிறுத்துவது என்பதையும் அதுவே தீர்மானிக்கப் பார்க்கிறது. ஊர் இணங்கினால் மருந்து, இணங்காவிட்டால் இல்லை என்று வந்தால், குழந்தையின் நோய் பேரப் பொருளாகிவிடுகிறது. அநீதி நுழைகிற வாசல் அதுவே.

காயமுற்ற போர்வீரரில் யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை வைத்திய அவசரம் ஒன்றே தீர்மானிக்கவேண்டும் என்கிறது 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை. துப்பாக்கி ஏந்திய பகைவனுக்கே இவ்வுரிமை உண்டென்றால், துப்பாக்கியைத் தொட்டறியாத குழந்தைக்கு எவ்வளவு அதிகம் உண்டு! ஆகையால் மருந்து கொடுத்தவனின் சட்டை என்ன நிறம் என்று நான் கேட்கமாட்டேன். அடுத்த வாரமும் வந்தானா, சந்தேகத்துக்குள்ளான ஊருக்கும் போனானா என்றுதான் கேட்பேன்.

1965-க்குப் பின் வேறு சில இராணுவ வைத்தியக் குழுக்கள் அந்நாட்டின் மாகாண ஆஸ்பத்திரிகளிலேயே தங்கி, உள்ளூர் வைத்தியர்களோடு சேர்ந்து வேலை செய்தன. அவர்களையும் இவ்வழக்கில் எதிரிகளாகச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.