யாருக்குத் தெரியப் போகிறது?

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது என் தொழில். போன வாரம் கிள்ளானில் ஒரு மண்டபத்துக்குப் போனேன். மாலையில் விருந்து. நாற்காலி அடுக்குகிறவர்கள், மைக் சோதிக்கிறவர்கள் எல்லாருக்கும் நான் இடைஞ்சல்.

பியானோவில் 88 கட்டைகள்; தந்திகளோ 200க்கும் மேல். பெரும்பாலான கட்டைகளுக்கு மூன்று தந்தி. இரண்டை ரப்பர் ஆப்பு வைத்து அடக்கி, ஒன்றைச் சரிசெய்து, பிறகு மற்றவற்றை அதோடு சேர்க்க வேண்டும். சேராத தந்திகளின் ஒலி அலை அலையாய் நடுங்கும். அது அடங்கும்வரை ஒரே கட்டையைத் தட்டிக்கிட்டே இருக்கணும்.

"தலை வலிக்குது லா!" என்றார் ஒருவர். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அவரவருக்கு அவரவர் வேலை. மேற்பார்வையாளர் வந்தார். "போதும் அண்ணே. சாப்பிடுற நேரத்துல யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. இன்னும் பத்து கட்டைகள்தான் பாக்கி. விட்டுவிட்டுப் போனாலும் முழுக் கூலி கிடைக்கும். கருவிகளை எடுத்துவைக்கக் கையும் போனது.

அப்போதுதான் உறைத்தது. அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே! இன்று பிசகைத் தெரிந்தே விட்டால், நாளைக்கு என் காதே அதைச் சரியென்று பழகிவிடும். அப்புறம் ஏமாறுவது அவரல்ல, நான்.

"இன்னும் அரை மணி நேரம் கொடுங்க தம்பி" என்றேன். முணுமுணுத்தார், கொடுத்தார். முடித்தேன். யாரும் பாராட்டவில்லை. ஆனால் வீடு திரும்பும்போது மனசு சுருதியோடு இருந்தது.

தம்பி தங்கைகளே, யாரும் கவனிக்காத இடத்தில் உங்கள் வேலை எப்படி இருக்கிறது?