மக்கள் அன்பும் மறுக்கும் உரிமையும்

ஒரு தலைவரை மக்கள் அளவு கடந்து நேசிப்பது குற்றமா? இல்லை என்றே நாம் விடை கூறுவோம். பசித்தவர் தமக்குச் சோறிட்டவரை நேசிப்பதும், இழிவு செய்யப்பட்டவர் தம்மை மனிதராய் மதித்தவரை நேசிப்பதும் இயற்கை. அதை அறியாமை என்று எள்ளுவோர் பசியை அறியாதவர்கள். ஆனால், அந்த அன்பை வாக்குகளாகப் பெற்ற தலைவர், சட்டமன்றத்தையும் நீதிமன்றத்தையும் உள்ளாட்சியையும் இதழ்களையும் தம் விருப்பப்படி வளைக்கவும் கலைக்கவும் உரிமை பெற்றுவிடுகிறாரா? இது வேறு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால் நம் நாடும் அண்டை நாடும் கொடுத்த விலை பெரிது. எனவே, சற்றே நிதானித்துச் சிந்திப்போம்.

தமிழகத்தில் இக்கேள்வியை ஆராய எம்.ஜி.ஆரின் ஆட்சிக்காலத்தை விடப் பொருத்தமானது வேறில்லை. 1977 ஜூன் 30 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற அவர், 1987 டிசம்பர் 24 அன்று மறையும் வரை, 1980-இல் சில மாதங்கள் நீங்கலாக, ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். 1984 இறுதியில் நியூயார்க் நகரின் புருக்ளின் மருத்துவமனையில் நோயுற்றிருந்தபடியே, ஒரு மேடையிலும் பேசாமல், ஆண்டிப்பட்டித் தொகுதியில் வென்றார். திருநின்றவூர் அடங்கிய நம் மாவட்டமே, 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிரியும் முன்பு, சில ஆண்டுகள் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று அவர் பெயரைத் தாங்கியிருந்தது. இத்தனை அன்பைப் பெற்ற ஒருவர் நிறுவனங்களை எவ்வாறு கையாண்டார்? அவருடைய மூன்று செயல்களை எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, 1980 நவம்பரில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம். அதுவரை சிற்றூர்களின் நிலக் கணக்கும் வரி வசூலும் கர்ணம், மணியக்காரர் என்போரின் கைகளில் இருந்தன. தந்தைக்குப்பின் மகன் என்று சில குடும்பங்களுக்குள்ளேயே பெரும்பாலும் சுழன்று வந்த பதவிகள் அவை. அந்தப் பதவிகள், எண்ணிக்கையில் 20,000-க்கும் மேற்பட்டவை, ஒரே நாளில் நீக்கப்பட்டன. தகுதியின் அடிப்படையில் முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர்கள் பின்னர் அமர்த்தப்பட்டனர். பிழைப்பை இழந்தோரின் துயரம் மெய்யானதே. எனினும், பிறப்பினால் வந்த அதிகாரம் ஒன்று அன்று முடிவுற்றது. உச்ச நீதிமன்றமும் 1982-இல் அச்சட்டம் செல்லும் என்றது. மக்கள் செல்வாக்கின் துணையின்றி இம்மாற்றத்தைச் செய்ய எத்தனை ஆட்சியாளர் துணிந்திருப்பர்?

இரண்டாவது, சத்துணவு. காமராசர் 1956-இல் தொடங்கி வைத்த மதிய உணவுத் திட்டத்தை எம்.ஜி.ஆர். 1982 ஜூலை முதல் நாள் பன்மடங்கு விரிவாக்கினார். வாக்குக்கான கவர்ச்சித் திட்டம் என்று அதைச் சாடியோர் உண்டு. கருவூலம் தாங்காது என்று கணக்குக் காட்டியோரும் உண்டு. ஆனால் நிகழ்ந்தது என்ன? சமையற்கூடங்கள் எழுந்தன, அமைப்பாளர்களும் சமையலர்களும் அமர்த்தப்பட்டனர், அவருக்குப்பின் வந்த எந்த ஆட்சியும் அதைக் கைவிடவில்லை. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சமைத்த மதிய உணவை எல்லா மாநிலங்களும் தொடக்கப் பள்ளிகளில் வழங்க வேண்டும் என ஆணையிட்டது. 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமையாக்கியது. இன்று சத்துணவு உண்ணும் சிறுமி, சோற்றுக்காக எந்தத் தலைவரையும் வாழ்த்த வேண்டியதில்லை. கொடை உரிமையாகிவிட்டது. ஒரு தலைவரின் அன்பு அடையக்கூடிய மிக உயர்ந்த நிலை இதுவே: அவர் இல்லாமலும் அது நிலைத்து நிற்பது.

மூன்றாவது, சட்டமன்ற மேலவையின் முடிவு. 1986 பிப்ரவரியில் நெடுங்காலத்திற்குப் பின் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பெரும்பாலான நகராட்சிகளைத் தி.மு.க. கைப்பற்றியது. உள்ளாட்சி உறுப்பினர்களின் வாக்கால் மேலவைக்கும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுவர் ஆகையால், அங்கே எதிர்க்கட்சி வலுப்பெறும் நிலை தோன்றிற்று. அதனையடுத்து, மேலவைக்கு நியமிக்கப்பட்ட ஒருவர் நீதிமன்றத்தால் நொடித்தவர் என அறிவிக்கப்பட்டவர் என்பது வெளியாகி, அரசுக்குத் தலைகுனிவு நேர்ந்தது. 1986 மே 14 அன்று மேலவையை ஒழிக்கும் தீர்மானம் பேரவையில் நிறைவேறியது. நவம்பர் முதல் நாள் மேலவை இல்லாமற் போயிற்று. அதை மீண்டும் அமைக்க 2010-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியும், 2011-இல் ஆட்சி மாறியதால் அது உயிர் பெறவில்லை.

‘மேலவை ஏழைக்கு என்ன செய்தது? பட்டதாரிக்கும் ஆசிரியருக்கும் தனித்தொகுதி தந்த அவை போனால் போகட்டுமே’ என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி இது. மேலவை இல்லாத மாநிலங்கள் இந்தியாவில் பல உள்ளன. அவற்றில் மக்களாட்சி மடிந்துவிடவில்லை. நாம் கவலைப்படுவது கட்டடம் போனதற்காக அன்று. இரு சபைகள் தேவையா என்ற பொது விவாதத்தின் முடிவில் அது போயிருந்தால் நமக்குக் குறையில்லை. தொல்லை தரத் தொடங்கிய வேளையில், சில வாரங்களுக்குள் அது போயிற்று என்பதே சிந்திக்கத்தக்கது. அதே 1986 டிசம்பரில், அரசமைப்புச் சட்டத்தின் நகலை எரித்ததற்காகத் தி.மு.க. உறுப்பினர் பதின்மர் பேரவையில் பதவி இழந்தனர். 1987 ஏப்ரலில், அமைச்சர்களையும் உறுப்பினர்களையும் கேலி செய்த அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குப் பேரவை மூன்று மாதச் சிறை விதித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் அவர் சில நாள்களில் விடுதலையானார். பேரவைத் தலைவருக்கு ‘வானளாவிய அதிகாரம்’ உண்டு என்ற சொற்றொடர் தமிழில் புழங்கத் தொடங்கியது அக்காலத்தில்தான்.

ஒரே தலைவர், ஒரே மக்கள் அன்பு. ஆயினும் முதல் இரு செயல்களுக்கும் மூன்றாவதற்கும் இடையே ஒரு கோடு ஓடுகிறது. முதலிரண்டும் சிலரிடமிருந்த அதிகாரத்தை, சிலருக்கே கிட்டிய சோற்றை, பலருக்கு ஆக்கின. மூன்றாவது, ஆள்வோரை நோக்கி ‘இது ஆகாது’ என்று சொல்லக்கூடிய ஓரிடத்தைக் குறைத்தது. மக்கள் அன்பு ‘ஆம்’ என்று சொல்லும் ஆற்றல் உடையது. அதே மக்கள் நாளை ‘இல்லை’ என்று சொல்ல விரும்பினால், அதற்கு வழி வைத்திருப்பவை நிறுவனங்கள். அந்த வழியை அடைக்குமாறு எந்த வாக்காளரும் தம் வாக்கில் எழுதிக் கொடுப்பதில்லை.

இதை எம்.ஜி.ஆரே பட்டறிந்தவர். பேரவையில் பெரும்பான்மை இருந்தும், 1980 பிப்ரவரியில் அவரது அரசை இந்திரா காந்தியின் நடுவண் அரசு கலைத்தது. இந்திரா காந்தியின் வரலாறும் அன்பில் தொடங்கியதே. வறுமையை ஒழிப்போம் என்ற முழக்கத்தோடு 1971-இல் பெருவெற்றி பெற்றவர் அவர். 1973-இல், மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி இளையவர் ஒருவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரது தேர்தல் செல்லாது என்றது. அம்மாதம் 25 அன்று நெருக்கடி நிலை வந்தது. 1976 ஏப்ரலில், விசாரணையின்றிச் சிறைப்பட்டவர் நீதிமன்றத்தை நாட இயலாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவரில் நால்வர் தீர்ப்பளித்தனர். எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிச் சென்றது. அவர் பதவி விலகினார். அவ்வாண்டே, 1977 மார்ச்சில், வட இந்தியாவின் எளிய வாக்காளர்கள் பிரதமரையே தோற்கடித்தனர். உரிமை பற்றிய அக்கறை படித்தவர்க்கே உரியது என்ற கூற்றுக்கு அவர்கள் தந்த விடை அது.

தடைகளை நீக்கிய தலைமை, நாட்டின் எல்லைக்குள் மட்டும் துன்பம் விளைப்பதில்லை. கடலுக்கு அப்பால் பார்ப்போம். இலங்கையில் 1956-இல் பண்டாரநாயக்க, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற வாக்குறுதியால் மக்கள் அலையில் ஏறி ஆட்சிக்கு வந்தார். 1977-இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனா நாடாளுமன்றத்தின் ஆறில் ஐந்து பங்கு இடங்களை வென்று, மறு ஆண்டே நிறைவேற்று அதிகாரம் கொண்ட குடியரசுத் தலைவர் முறையை நிறுவினார். 1982 டிசம்பரில், பொதுத் தேர்தலே நடத்தாமல், ஒரு வாக்கெடுப்பின் வழியே அந்த நாடாளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறாண்டுகள் நீட்டினார். 1983 ஜூலைப் படுகொலைக்குப்பின், ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தத்தால், தமிழர் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள் அவையில் இடம் இழந்தனர். பேச்சுக்கான மன்றம் அடைபட்ட நாட்டில் துப்பாக்கி பேசியது. வன்முறைக்கு அது நியாயம் ஆகாது. ஆனால் வன்முறை எந்த வெற்றிடத்தில் வளர்ந்தது என்பதை அது காட்டுகிறது. 1987-இல் இந்தியப் படை அங்கே சென்றது. 1991 மே 21 அன்று, நமக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஊரை இழந்து வந்த குடும்பங்களுக்கென நம் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில் முகாம் எழுந்தது. கொழும்பில் வளைக்கப்பட்ட சட்டங்களின் விளைவு நம் வாசலுக்கே வந்தது எனலாம்.

பழைய மக்களாட்சிகளும் இதற்கு விலக்கல்ல. 2021 ஜனவரி 6 அன்று, தேர்தலில் தோற்ற அதிபரின் ஆதரவாளர்கள் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தனர். ஆயினும் அன்றிரவே உறுப்பினர்கள் மீண்டும் கூடி, விடியுமுன் வாக்குக் கணக்கை முடித்தனர். தத்தம் கடமையை விடாத சிலரால் அன்று அம்முறை பிழைத்தது.

வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்து, இடித்துரைப்போர் இல்லாத அரசன் பகைவரின்றியே கெடுவான் என்ற கருத்தை வைத்தார். திருமறையிலோ, மக்களின் பேரன்பைப் பெற்ற தாவீதின் முன் நாத்தான் நின்று, அவன் செய்த கொடுமையை அவன் வாயாலேயே தீர்ப்பிட வைத்தார். அரசன் இறைவாக்கினரைச் சிறையிடவில்லை, தலை குனிந்தான். ஆள்பவரின் பெருமை, மறுப்பவர் உயிரோடும் குரலோடும் இருப்பதில்தான் புலப்படுகிறது.

நம் திருநின்றவூரின் பெயரோடு கலந்த பூசலாரின் வரலாறும் இவ்வுண்மையைத் தொடுகிறது. காஞ்சியில் கற்றளி எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்த காடவர் கோமானிடம், அந்நாளில் நின்றவூரில் அன்பன் கட்டிய கோயிலுக்குத் தாம் செல்ல வேண்டும் என்று இறைவன் கனவில் உரைத்ததாகப் பெரியபுராணம் கூறும். மன்னன் தேடி வந்து பார்த்தான். கல்லும் இல்லை, கோபுரமும் இல்லை. ஓர் ஏழை தன் உள்ளத்தில் கட்டிய கோயில் அது. அந்த மன்னன் தன் விழாவைத் தள்ளி வைத்துத் தேடி வந்தான் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றின்முன் அதிகாரம் காத்து நின்றது.

அரசமைப்பும் அத்தகையதே. சபைகளும் மன்றங்களும் கட்டடங்களாய் எழும். மக்கள் உள்ளத்தில் அவை கட்டப்படாவிடில் ஒரு தீர்மானத்தில் சரிந்துவிடும். 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை, தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகள் அனைத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை; அப்போது பேரூராட்சியாய் இருந்து, 2021-இல் நகராட்சியான நம் ஊரும் அதற்கு விலக்கன்று. அந்த ஐந்தாண்டுகளில், தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிட்டோர் பலர் இருந்திருப்பர்; நமக்கென ஒரு மன்றம் ஏன் இல்லை என்று கேட்டோர் எத்தனை பேர்?

நாம் தலைவர்களை நேசிப்போம், நன்றி மறவாதிருப்போம். ஆனால் அவர்கள் கை வைக்கும் ஒவ்வொரு நிறுவனத்தின் அருகிலும் நின்று, இம்மாற்றத்துக்குப்பின் எளியவர் ஒருவர் ‘இல்லை’ என்று சொல்ல இடம் இருக்குமா என்று கேட்போம். இருக்குமெனில் துணை நிற்போம். இராதெனில், நாம் நேசிக்கும் தலைவரிடமே அதை எடுத்துரைப்பது நம் கடமை.