ஹோமருக்கு வலிக்கிறதா?

1989 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடர் இன்னும் ஓடுகிறது. அதில் சிரிப்பு வற்றிவிட்டதா என்ற கேள்வி, சிரிப்பு எதிலிருந்து பிறக்கிறது என்ற பழைய கேள்வியில்தான் போய் முட்டுகிறது. சிரிக்கும் கணத்தில் மனம் மரத்துப்போக வேண்டும் என்றார் பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்க்சன், 1900இல். இந்தத் தொடரின் நல்ல ஆண்டுகள் அதை மறுக்கின்றன. 1995இல் வந்த ஓர் அத்தியாயத்தில், பிடித்த வேலையை விட்டுவிட்டு அணுமின் நிலையத்துக்கே திரும்பி வந்து கெஞ்சுகிறான் குடும்பத் தலைவன் ஹோமர். மகள் மேகி பிறக்கப்போகிறாள், வீட்டுக்குப் பணம் வேண்டும். உனக்கு இனி விடுதலையே இல்லை என்று அவன் கண்ணெதிரே பலகை மாட்டுகிறார் முதலாளி. குழந்தையின் படங்களை ஒட்டியே அவன் எழுத்துகளை மறைக்கிறான். மிஞ்சியவை 'அவளுக்காகச் செய்' என்றாகின்றன. இந்த மடையன்மேல் நமக்குப் பாசம் இருப்பதால்தான் அவன் மடத்தனம் இனிக்கிறது.

ஆனால் 1997இல் ஓர் அத்தியாயத்தில், பள்ளி முதல்வர் ஸ்கின்னரை ஆள்மாறாட்டக்காரர் என்று காட்டி, இனி அதை யாரும் பேசவே கூடாது என்று நீதிபதி ஆணையிடுவதோடு முடித்தார்கள். நடந்தது எதற்கும் விளைவு இல்லை என்றாகிவிட்டது. விளைவில்லாத உலகில் அடி வலிக்காது. வலிக்காத அடிக்குச் சிரிப்பும் அரைகுறைதான். கார்ட்டூனில் வாராவாரம் எல்லாம் பழையபடி ஆவது வழக்கம்தானே என்றால், ஆம்; ஆனால் முன்பு அந்த இருபது நிமிடமாவது துக்கம் துக்கமாக இருந்தது. வயதேறியது ரசிகர்களுக்குத்தான் என்பதும் பாதி உண்மையே. வயதுதான் காரணமென்றால் பழைய அத்தியாயங்களும் சேர்ந்தே சலித்திருக்க வேண்டுமே! வலி அடியோடு போய்விடவும் இல்லை: 2007இல், ஓர் இரவின் நினைவை இழந்து, குடும்பமே போய்விட்டதோ என்று தவிக்கும் ஹோமரை எழுதினார்கள். அந்த அத்தியாயம் மறு ஆண்டு எம்மி விருது பெற்றது.