சாரிபாத்தின் வாசலில்



மழை பொய்த்து, கெரீத்து ஓடையும் வற்றியபின் இறைவாக்கினர் எலியா சாரிபாத்துக்கு வருகிறார். ஊர் வாசலில் விறகு பொறுக்கும் கைம்பெண்ணிடம் அவர் முதலில் கேட்டது அப்பம் அல்ல, தண்ணீர். பொன்னமராவதிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? ஐப்பசி முடியப்போகிறது, கண்மாய்க்குத் தண்ணீர் வந்ததா என்றுதானே நாமும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

அவள் இஸ்ரயேல் குலத்தவள் அல்ல. கடவுள் தம் இறைவாக்கினரை அரண்மனைக்கு அனுப்பவில்லை. ஒரு கை மாவு மட்டுமே மிஞ்சியிருந்த வேற்றினத்தாளிடம் அனுப்பினார். பஞ்சம் முதலில் நுழையும் வீடு அது. பஞ்சத்தைத் தாங்கத் தெரிந்த வீடும் அதுதான்.

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. அங்கே பணியர் முதலான ஆதிவாசி மக்களிடையே அரிவாள் செல் இரத்தசோகை பரம்பரையாக வருகிறது. உருண்டையாக ஓட வேண்டிய இரத்த அணு, கதிர் அறுக்கும் அரிவாள்போல் வளைந்து சிறு நாளங்களை அடைக்கிறது. எலும்புக்குள் வலி உயிரை எடுக்கும். உடம்பில் நீர் குறைந்தால் போதும், வலி கிளம்பிவிடும். தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் பெண்ணுக்கு, வெயில் ஏறுவதென்றால் அந்த வலிதான். வயலோரக் கீரையும் நண்டும் அவர்கள் சாப்பாடாக இருந்த காலம் போயிற்று. வயல்கள் வாழையும் தேயிலையும் ஆகிவிட்டன. இதற்கு வானத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். பாதிப் பழி நம் சந்தைக்கும் உண்டு.

மழையோ, வந்தால் கொட்டித் தீர்க்கிறது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்தது நினைவிருக்கும். அதன்பின் உணவு தேடிக் காட்டோரம் வந்த ஓர் ஆதிவாசித் தாயும் பிள்ளையும் வனத்துறையினர் கண்ணில் பட்டார்கள். மற்ற மூன்று பிள்ளைகளும் தகப்பனும் குகைக்குள் பசியோடு இருந்தார்கள். வனத்துறையினர் போர்வையைக் கிழித்துக் குழந்தைகளை உடம்போடு கட்டிக்கொண்டு பாறை வழியே இறக்கினார்கள். விறகு பொறுக்கிய அந்தக் கைம்பெண்ணை வேறெங்கே தேடுவது?

இந்த ஆதிவாசி மக்கள் வெறுமனே கை நீட்டி நின்றவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கூடலூரில் 1990இல் ஆதிவாசி மருத்துவமனை தொடங்கியபோது, அதே ஊர்களின் பெண்பிள்ளைகள் செவிலியராகப் பயிற்சி பெற்றார்கள். சுகாதாரப் பணியாளர்களாக அவர்களே ஊர் ஊராக நடக்கிறார்கள். யாருக்கு அரிவாள் செல் நோய் இருக்கிறதென்று இரத்தம் பார்த்து, தண்ணீர் நிறையக் குடிக்கவும் மாத்திரையை விடாமல் போடவும் சொந்த மொழியில் சொல்கிறார்கள். இந்த நோயை 2047க்குள் ஒழிக்க நடுவண் அரசு திட்டம் தொடங்கியது 2023இல்தான்.

நற்செய்தியில் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணைப் புகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போவது நமக்குப் பழக்கம். கைம்பெண்களின் வீட்டை விழுங்குகிறவர்களை இயேசு கண்டித்தது அதற்குச் சற்று முந்திய வசனங்களில்தான். அதை யாரும் ஞாபகம் வைப்பதில்லை.

அந்த வசனங்கள் நமக்கும்தான். நம் ஊர்ப் பக்கம் பாசிமணி, ஊசி விற்க வரும் நரிக்குறவர்கள் 2023இல்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். சான்றிதழ் வாங்க அலைய வேண்டியிருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் நாள் முழுக்க தெருவில்தான் நிற்கிறார்கள். ஆலய வாசல் குழாய் கோடையில் பூட்டப்படாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். மனு எழுதத் தெரிந்த இளையோர், அவர்களுடைய பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போக நேரமுள்ள தாய்மார், திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.