யாருடைய நூறு மணி நேரம்?

"முடிஞ்சிருச்சா? அவ்வளவுதானா?" என்று கேட்டான் என் மகன்.

கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தவன், "அம்மா, உங்க ஏரியால கேம் ஒண்ணு வந்திருக்கு, பேரே யாப்பிலக்கணம்" என்று கிண்டலாகச் சொல்லி, தன் மடிக்கணினியில் 'வெண்பா' என்ற வீடியோ கேமைப் போட்டுக்கொடுத்தான். இரவுப் பாத்திரங்களைக் கழுவி முடித்துவிட்டு உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் விளையாட்டு முடிந்துவிட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கொடுத்த காசை விளையாடிய நேரத்தால் வகுக்கும் கணக்கு. அவன் தள்ளுபடியில் வாங்கிய 'விட்சர் 3' விளையாட்டில் அவன் பெயருக்கு 214 மணி நேரம் ஏறியிருக்கிறது. "அதுல மணிக்கு அஞ்சு ரூபாகூட விழாதும்மா. இது ரொம்ப காஸ்ட்லி."

அவன் கணக்கை நான் கேலி செய்யவில்லை. கைச்செலவுக்கு எண்ணி வாங்குகிற பையன், ஒரு பொருள் எத்தனை நாள் வரும் என்று பார்ப்பது நியாயம்தான். ஆனால் வீடியோ கேம்கள் நீளமாக இருக்க வேண்டுமா, குறுகலாக இருக்க வேண்டுமா என்று உலகெங்கும் நடக்கிற வாக்குவாதத்தில் பெரும்பாலும் இந்த ஒரு வகுத்தல்தான் நடக்கிறது. அந்த மணி நேரம் யாரிடமிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. எனக்குக் கேட்கத் தோன்றியது.

'வெண்பா' 2023இல் வெளியானது. டொரண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு உருவாக்கியது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதியின் கதை. மனைவி வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். வெண்பாவின் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்ட வரிகளை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் போகும் என்பது முதல் புதிர். சமையலுக்கு நடுவே ஆண்டுகள் ஓடுகின்றன. பிள்ளை தமிழில் பேச வெட்கப்படுகிறான், பிறகு வீட்டைவிட்டு விலகுகிறான். 2024இல் இந்த விளையாட்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் விளையாட்டுக்கான பரிசைப் பெற்றது.

வெண்பா என்ற பெயரை வகுப்பில் ஆண்டுதோறும் எழுதிப் போடுகிறவள் நான். வெண்பாவின் அடிகளில் நான்கு நான்கு சீர் வரும். ஈற்றடியில் மட்டும் மூன்றே சீர். நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாட்டில் ஒன்றோடு அது முடிந்தாக வேண்டும். ஒரு சீர் குறைவதால்தான் அது முடிந்தது என்று காதுக்குத் தெரிகிறது. இரண்டடியில் முடிந்தால் குறள் வெண்பா, பன்னிரண்டு அடியைத் தாண்டினால் கலிவெண்பா. இரண்டுக்கும் இலக்கணத்தில் இடம் உண்டு. குறளுக்கு அடிக்கு இவ்வளவு காசு என்று யாரும் பேரம் பேசியதில்லை. இதை மகனிடம் சொன்னேன். "கிளாஸ் எடுக்காதம்மா" என்றான். சரி, அவன் வழியிலேயே, கணக்காகவே பார்ப்போம்.

2022 ஜனவரியில் 'டையிங் லைட் 2' என்ற விளையாட்டை வெளியிடவிருந்த போலந்து நிறுவனம் டெக்லேண்ட், அதை முழுமையாக முடிக்கக் குறைந்தது 500 மணி நேரம் ஆகும் என்று பெருமையாக அறிவித்தது. வார்சாவிலிருந்து மாட்ரிட்டுக்கு நடந்து போகிற நேரத்துக்கு ஏறத்தாழ ஈடு என்று ஒப்புமையும் சொன்னது. கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். வேலைக்குப் போகிற, பிள்ளை வளர்க்கிற ஆட்டக்காரர்கள் பலர் சலித்துக்கொண்டார்கள். உடனே நிறுவனம் இறங்கிவந்து, மூலக்கதை மட்டும் என்றால் 20 மணி நேரம் போதும் என்று விளக்கம் கொடுத்தது.

இவ்வளவு நீளத்தையும் யாரோ உட்கார்ந்து செய்ய வேண்டும். ஒவ்வொரு மரத்தையும் ஒவ்வொரு சுவரையும் ஒருவர் வரைகிறார், இன்னொருவர் பிழை பார்க்கிறார். வெளியீட்டு நாள் நெருங்கும்போது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இரவும் பகலும் வேலை வாங்குவதை அந்தத் துறையில் 'கிரஞ்ச்' என்கிறார்கள். 'அன்சார்ட்டட்' வரிசையை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஏமி ஹென்னிக், அந்த ஆண்டுகளில் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்குக் குறைவாகத் தான் வேலை செய்ததாக நினைவில்லை என்று 2016இல் ஒரு நேர்காணலில் சொன்னார். இவ்வளவு கொடுத்துச் செய்யத் தகுந்ததா இது என்ற சந்தேகமும் அவருக்கு வந்திருந்தது.

இன்னொரு பெண்ணையும் இங்கே சொல்ல வேண்டும். 2004 நவம்பரில் எரின் ஹாஃப்மன், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த தன் வருங்காலக் கணவரின் வேலைநேரத்தைப் பற்றிப் பெயர் சொல்லாமல் இணையத்தில் ஒரு கடிதம் எழுதினார். கையொப்பத்தின் இடத்தில், அந்த நிறுவன ஊழியர் ஒருவரின் துணை என்ற அடையாளம் மட்டுமே இருந்தது. கூடுதல் நேர ஊதியம் கேட்டு நடந்த வழக்குகளில் நிறுவனம் பெருந்தொகை கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. தொழிற்கூடத்தின் அநியாயம் வீட்டு வாசலில் காத்திருந்த பெண்ணின் வாயால் வெளியே வந்தது. நள்ளிரவில் வீடு திரும்புகிறவனுக்குச் சோற்றை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்த எவருக்கும் அந்தக் கடிதத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆக, ஆடுகிறவருக்கும் செய்கிறவருக்கும் குறுகிய விளையாட்டே நல்லது என்று முடித்துவிடலாம்போல் இருக்கிறது. நானும் அப்படித்தான் முடித்திருப்பேன். ஆனால் என் அனுபவம் ஒன்று குறுக்கே நிற்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் எனக்குக் கருப்பை நீக்க அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். அடுப்படியை நாத்தனாரும் என் வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டார்கள். பொழுது போகட்டும் என்று மகன் 'விட்சர் 3'ஐ எனக்குச் சொல்லிக்கொடுத்தான். அசுரர்களை வேட்டையாடும் கெரால்ட் என்பவன், மகளாக வளர்த்த சிரியைத் தேடி அலைகிற கதை. அந்த ஆறு வாரத்தில் 70 மணி நேரம் ஆடினேன்.

அதில் ஒரு பிரபு வருகிறான். மனைவியையும் மகளையும் காணவில்லை, கண்டுபிடித்துத் தா என்கிறான். குடிகாரன், ஆனால் வெள்ளந்தியாகச் சிரிக்கிறவன், விருந்தோம்பல் தெரிந்தவன். அவனை நமக்குப் பிடித்துப்போகிறது. வெகுநேரம் கழித்துத்தான் அவன் மனைவியை அடித்தவன் என்பதும், அவளுடைய கரு எப்படிக் கலைந்தது என்பதும் தெரியவருகின்றன. அவனோடு அத்தனை நேரம் சிரித்த என்னையும் சேர்த்துத்தான் அந்த உண்மை கேள்வி கேட்டது. அடிக்கிற ஆண் நிஜ வாழ்விலும் அப்படித்தான், ஊருக்கு நல்லவனாக இருக்கிறான். இதை உணர்த்த அந்த விளையாட்டுக்கு நீளம் தேவைப்பட்டது. அதே விளையாட்டில் ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றிய கடல் முழுக்கக் கேள்விக்குறிகளைத் தூவிவைத்திருக்கிறார்கள். படகில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கடத்தல்காரர்கள் மறைத்துவைத்த சரக்குதான். ஒன்று பொருள் உள்ள நீளம், மற்றது மாவில் தண்ணீர் ஊற்றிய நீளம். இரண்டையும் ஒரே மணிக்கணக்கில் அளக்க முடியாது.

ஏழாவது வாரம் எழுந்து நடமாடத் தொடங்கினேன். பாதியில் நின்ற விளையாட்டை இன்றுவரை தொடரவில்லை.

என் ஆச்சியைப் பற்றி யோசிக்கிறேன். மணிக்கணக்காக அவள் பல்லாங்குழி ஆடிய நாட்கள், மாதவிலக்கென்று பின்கட்டில் ஒதுக்கிவைக்கப்பட்ட நாட்கள். எதையும் தொடக் கூடாது என்பதால் எந்த வேலையும் இல்லை. புளியங்கொட்டையும் பதினான்கு குழியும் மட்டும். "அந்த மூணு நாள்தான் தாயி எனக்கு லீவு" என்பாள். ஆச்சிக்குத் தீட்டு கொடுத்த விடுப்பை எனக்கு அறுவை சிகிச்சை கொடுத்தது. முனைவர் பட்டம், மாதச் சம்பளம், இரண்டு கவிதைத் தொகுப்பு எல்லாம் இருந்தும் இந்த ஒரு விஷயத்தில் நான் அவளைத் தாண்டி வரவில்லை. உடம்பைக் காரணம் காட்டாமல் நீண்ட பொழுது எனக்கும் கிடைக்கவில்லை.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலை செய்கிற இந்தியப் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலையில் பங்கெடுக்கிற ஆண்கள் 97 நிமிடம். பங்கெடுக்கிறவர்களே பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1 விழுக்காடுதான். என் மகனின் 214 மணி நேரத்தை அந்த விளையாட்டு நிமிடம் தவறாமல் எண்ணி வைத்திருக்கிறது. எங்கள் வீட்டு எரிவாயு அடுப்பில் அப்படி எண்ணுகிற கருவி எதுவும் இல்லை.

'டார்க் சோல்ஸ்' என்று இன்னொரு விளையாட்டு. சாப்பிடக் கூப்பிட்டால் "பாஸ் பண்ண முடியாதும்மா" என்பான். பொய் இல்லை, அதை உண்மையிலேயே இடையில் நிறுத்திவைக்க முடியாது. அதை வடிவமைத்தவர்களின் மனதில் இருந்த ஆட்டக்காரரை யாரும் பெயர் சொல்லி அழைக்கமாட்டார்கள், அல்லது அழைத்தாலும் அவர் எழ வேண்டியதில்லை. நான் கூப்பிட்டால் அவனால் எழ முடியாது. அவன் கூப்பிட்டால் நான் எழுந்தாக வேண்டும்.

வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியான 'தனக்கென ஓர் அறை' நூலில், பெண்கள் எழுதும் நூல்கள் ஆண்களுடையதைவிடச் சிறியதாக, செறிவாக இருக்கலாம் என்று ஓர் ஊகம் சொல்கிறார். குறுக்கீடுகள் எப்போதும் இருக்கத்தான் செய்யும் என்பது அவர் சொல்லும் காரணம். என் கவிதைகள் ஏன் பத்து வரியைத் தாண்டுவதில்லை என்று விமர்சகர் ஒருவர் கேட்டபோது, செறிவு, படிமம் என்று ஏதேதோ சொன்னேன். குக்கர் மூன்றாவது விசிலுக்குள் முடிக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை. குறுமையை நான் நேசிக்கிறேன். ஆனால் அதில் எவ்வளவு என் தேர்வு, எவ்வளவு எனக்கு அளந்து ஊற்றப்பட்டது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால், வேலைப்பளு உள்ள பெண்களுக்குக் குறுகிய விளையாட்டுகள் ஏற்றவை என்று யாராவது அன்போடு சொல்லும்போது எனக்குச் சுருக்கென்கிறது. பளுவைக் குறைக்கச் சொல்லாமல் விளையாட்டைக் குறைக்கச் சொல்லும் அன்பு அது.

அந்த அன்பை வியாபாரமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2012இல் வந்த 'கேண்டி க்ரஷ் சாகா' சாட்சி. காலைப் பேருந்தில் என் பக்கத்து இருக்கைப் பெண்ணின் கைப்பேசியில் அதுதான் மின்னுகிறது. ஒரு ஆட்டம் சில நிமிடம். ஐந்து உயிர்கள். ஒன்று போனால் திரும்ப வர அரை மணி நேரம், அல்லது காசு. துண்டு துண்டாகப் பார்த்தால் அதைவிடக் குறுகியது இல்லை. மொத்தமாகப் பார்த்தால் முடிவே இல்லை, ஆயிரக்கணக்கான கட்டங்கள். வேலைகளுக்கு நடுவே சிந்திக் கிடக்கும் நிமிடங்களைக்கூடப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஈற்றடி இல்லாத வெண்பா. அவளைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நாற்பது நிமிடப் பயணம்தான் அவளை யாரும் கூப்பிடாத நேரம். அதை வாங்கிக்கொள்கிறவர்கள் பதிலுக்கு ஒரு முடிவையாவது கொடுத்திருக்கலாம்.

நீளமா குறுமையா என்று என்னைக் கேட்டால், சொல்ல வந்ததற்கு எத்தனை அடி தேவையோ அத்தனை என்பேன். இட்டு நிரப்பாதே, ஓர் இடத்தில் முடி, கூப்பிட்டால் எழுந்து போய் வர விடு, செய்கிறவர்களை வீட்டுக்கு அனுப்பு. இவை செய்கிறவர்களிடம் கேட்க வேண்டியவை. மற்றொன்றை நம் வீட்டில்தான் கேட்க வேண்டும்: கலிவெண்பாவுக்கு உரிய பொழுது வீட்டில் யாருக்கு இருக்கிறது?

கேட்டேன். "பாதில விட்ட அந்த விட்சர் இன்னும் இருக்காடா?" இருக்கிறதாம், சேமித்த இடத்திலேயே நிற்கிறதாம். ஞாயிறு காலை பத்து மணி வரை அதை நான் ஆடப்போவதாகவும், இட்லி அவன் பொறுப்பு என்றும் சொன்னேன். "எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றான். ஒன்றரை மணி நேரம் என் தோளுக்குப் பின்னாலிருந்து, தட்டை இப்படி வை, அப்படி வை என்று சொல்லிக்கொண்டிருந்தவன்.

முதல் ஈடு கொஞ்சம் கல்லாக வந்தது. நான் எழுந்து போகவில்லை.