யாருடைய ஓய்வு நேரம்?

தமிழ்நாட்டில் ‘இலவசம்’ என்ற சொல் வாங்குகிறவரைக் கொஞ்சம் குனியவைக்கும். அதனால்தான் 2011இல் பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்த அரசு அதை ‘விலையில்லா மடிக்கணினி’ என்றது. அந்த மடிக்கணினியில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்த வகையை நாம் ‘கட்டற்ற மென்பொருள்’ என்கிறோம். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல். 1983இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அந்தக் குழப்பத்தை விளக்கியே களைத்திருப்பார். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் செய்தவரின் நேரத்துக்கு இந்த மூன்று சொற்களிலும் இடமில்லை.

ஒருவர் பயன்படுத்துவதால் இன்னொருவருக்குக் குறையக் கூடாது, யாரையும் வெளியே நிறுத்த முடியக் கூடாது. பொதுப்பண்டத்துக்குப் பொருளியல் சொல்லும் இலக்கணம் இது. ஏரித் தண்ணீர் இதில் தேறாது. தலைமடையில் அதிகம் பாய்ந்தால் கடைமடை காயும். மென்பொருள் முதல் பாதியில் இயல்பாகவே தேறுகிறது. கள்ளக்குறிச்சியில் ஒருத்தி லிப்ரே ஆபிஸில் ஆய்வேடு தட்டச்சு செய்வதால் வெள்ளிமலையில் இருப்பவளுக்கு ஓர் எழுத்தும் குறையாது. இரண்டாம் பாதிக்காகத்தான் கட்டற்ற உரிமம் பூட்டைக் கழற்றி வைக்கிறது.

ஆனாலும் ஏரியைப் போலவே மென்பொருளும் தூர்ந்துபோகும். பிழை திருத்த வேண்டும், புதிய கருவிகளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். ஏரிக்கு ஊர் கண்ட வழி குடிமராமத்து. அதை யாரும் தன்னார்வம் என்று சொல்லவில்லை. வேலைக்கு வராதவரிடம் பணம் வசூலிக்க 1858இல் ஆங்கில அரசு சட்டமே போட்டது. (மண் சுமந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்பது தனிக் கதை.) நூறு நாள் வேலை வந்த பிறகு ஏரிகளில் கூடை தூக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். குறைந்த கூலிதான், ஆனாலும் அது கூலி.

மென்பொருளுக்குத் தூர் வாருவது யார்? உலகின் பெரும்பகுதி இணையதளங்கள் ரகசியம் காக்க நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2014இல் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிப்பட்டது. அதுவரை அந்தத் திட்டத்துக்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். அதன் பிறகு பெரிய நிறுவனங்கள் பணம் போட்டன. லினக்ஸின் கருநிரலை எழுதுபவர்களிலும் இன்று பெரும்பாலோர் நிறுவனச் சம்பளக்காரர்கள். நிறுவனத்துக்குத் தேவை இருக்கும் இடத்துக்குச் சம்பளம் வந்துவிடுகிறது. தமிழில் சந்திப்பிழை திருத்தும் நிரலுக்கு அப்படி வராது. அந்த மாதிரி வேலைகள் யாரோ ஒருவரின் இரவு பத்து மணிக்கு மேல் நடக்கின்றன.

இரவு பத்து மணிக்கு மேல் யார் கை காலியாக இருக்கிறது? 2019இல் எடுக்கப்பட்ட இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடம். 2017இல் கிட்ஹப் உலக அளவில் எடுத்த கணக்கெடுப்பில், பதில் சொன்ன திறந்தமூலப் பங்களிப்பாளர்களில் பெண்கள் 3 விழுக்காடு. பெண்களுக்கு ஆர்வமில்லை என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். நான் அந்த 202 நிமிடங்களைப் பார்க்கிறேன். அவன் பரிசளிக்கும் நிரலுக்குள் இன்னொருத்தி துலக்கிய பாத்திரமும் இருக்கிறது. அவனுக்காவது அது நாளை வேலை தேடும்போது தகுதியாகக் கணக்கில் வரும். அவளுக்கு அதுவும் இல்லை.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கிப் படிக்க வரும் மாணவிகளுக்குக் கடைசிப் பேருந்துதான் கடிகாரம். மேலே போனால் கைபேசியில் சமிக்ஞை நிச்சயமில்லை, மரவள்ளிக் காட்டில் வேலை நிச்சயம். படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று உரிமம் அவர்களையும் அழைக்கிறது. நேரத்தைத் தானம் செய்ய முதலில் நேரம் சொந்தமாக இருக்க வேண்டுமே.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இல்லாமல் என் தலைமுறைத் தமிழாய்வைச் சொல்ல முடியாது. அதன் மின்னூல்களின் முகப்பில் தட்டச்சு செய்தவர், மெய்ப்பு பார்த்தவர் பெயர்கள் இருக்கும். பெண் பெயர்கள் வரும் இடங்களில் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன். அந்த மணிநேரம் எந்த வேலைக்கும் எந்த வேலைக்கும் நடுவிலிருந்து எடுத்தது?

கூலி கொடுத்தால் கொடையின் மனம் கெட்டுவிடும் என்கிறார்கள். அன்பால் செய்வதற்குக் கணக்கா என்று சமையலறையில் நம்மிடம் கேட்ட அதே கேள்வி. 2023இல் தமிழ்நாட்டு அரசு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியபோது அதற்கு உதவி என்று பெயரிடாமல் மகளிர் உரிமைத்தொகை என்று பெயரிட்டது. தொகை போதாது, ஆனால் பெண்ணின் கூலியில்லா உழைப்பு ஓர் அரசுத் திட்டத்துக்குக் காரணமாக எழுதப்பட்டது. தமிழ் மென்பொருளையும் அப்படிப் பொதுப்பணியாக எழுதலாம். மொழிபெயர்க்க, சோதிக்க, பிழை பார்க்க மாணவிகளுக்கு மணிக்கணக்கில் கூலி. மாலையிலும் திறந்திருக்கும் கணினி அறை. அது மூடிய பிறகு கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் ஒரு பேருந்து. அந்தப் பேருந்தின் செலவையும் மென்பொருள் கணக்கில்தான் எழுத வேண்டும்.